பன்னிரண்டு நாற்காலியில் ஒரு பஸ்: மாண்ட்கோமரி போராட்டத்தை மேடையேற்றும் முறை

அமெரிக்க சிவில் உரிமைத் தலைவர்களைப் பற்றி நாடகம் போடலாம் என்று முடிவானதும், பல குழுக்கள் முதல் வேலையாக மார்ட்டின் லூதர் கிங் வேடத்துக்குக் கணீர்க் குரல்காரர் ஒருவரைத் தேடுகின்றன. பிறகு மொத்த நாடகமும் அந்த ஒரு குரலைச் சுற்றியே கட்டப்படுகிறது. மற்ற எல்லோரும் கைதட்டுவதற்காக மேடையில் நிற்கிறார்கள். சிலை திறப்பு விழாவை ஒன்றரை மணி நேரம் பார்த்த களைப்போடு ஜனங்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப நல்ல வழி, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் நடந்த பஸ் புறக்கணிப்பை எடுத்துக்கொள்வது. வெள்ளையருக்காக பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரர் 1955 டிசம்பர் 1-ல் கைதானதை அடுத்து, கறுப்பினத்தவர் பஸ்ஸில் ஏற மறுத்து டிசம்பர் 5-ல் தொடங்கி 381 நாள் நடத்திய போராட்டம். தையல்காரர், ரயில் பெட்டி ஊழியர், கல்லூரிப் பேராசிரியை, சமையல்கார அம்மா, பதினைந்து வயதுப் பள்ளி மாணவி, இருபத்தாறு வயதுப் போதகர் என்று தலைமை பல கைகளில் இருந்தது. மேடைக்குத் தேவையானதும் அதுதான்: ஒவ்வொரு காட்சியிலும் வேறொருவர் முடிவெடுக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பது 75 நிமிட நாடகத்துக்கான கணக்கு. நடிகர்கள் 12 பேர், மேடை உதவியாளர்கள் 4 பேர், பள்ளி அரங்கு அளவுள்ள மேடை.

காட்சிப் பங்கீடு

ஏழு காட்சி போதும். பஸ்ஸுக்கு 8 நிமிடம், துண்டறிக்கை அச்சடித்த இரவுக்கு 9, டிசம்பர் 5-க்கு 12, கார் ஏற்பாடும் சமையலறையும் 11, ஜனவரி மாத மிரட்டலும் குண்டுவீச்சும் 14, நீதிமன்றம் 9, கடைசியில் மறுபடியும் பஸ் 5. ஆக 68 நிமிடம். மிச்சம் ஏழு நிமிடம் காட்சி மாற்றத்துக்குப் போய்விடும். அதைக் கணக்கில் சேர்க்காமல் எழுதும் குழுக்கள்தான் கடைசி வாரத்தில் வசனத்தைக் கண்டபடி வெட்டுகின்றன. வெட்டு எப்போதும் சின்னப் பாத்திரங்கள் மேல்தான் விழும்; இந்த நாடகத்தின் உயிரே அவர்கள்தான்.

1963 வாஷிங்டன் பேரணி, 1965 செல்மா பேரணி, 1968-ல் மெம்ஃபிஸ் நகரில் கிங் கொல்லப்பட்டது எல்லாவற்றையும் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம் கிடைக்கும். பாடப்புத்தகத்தை மேடையில் வாசித்தது போல இருக்கும். ஓர் ஊர், ஒரு வருடம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதும்போது வழுக்கும் இடங்கள்

ரோசா பார்க்ஸைக் களைத்துப்போன கிழவியாக எழுதுவதுதான் மிகப் பழைய தவறு. அவருக்கு அப்போது 42 வயது. 1943-லிருந்து, கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். உடம்பில் எந்த அசதியும் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துச் சலித்துப்போனதுதான் என்று பின்னாளில் அவரே எழுதினார். கால் வலியால் உட்கார்ந்துவிட்ட அம்மாவாக அவரைக் காட்டினால், பன்னிரண்டு வருட அமைப்பு வேலை அவர் கையிலிருந்து பறிபோய்விடுகிறது.

இரண்டாவது தவறு, அவர் வெள்ளையர் இருக்கையில் போய் உட்கார்ந்தார் என்பது. பஸ்ஸில் 36 இருக்கை. முன்னால் பத்து வெள்ளையருக்கு, பின்னால் பத்து கறுப்பினத்தவருக்கு, நடுவில் பதினாறு டிரைவர் சொல்கிறபடி. பார்க்ஸ் உட்கார்ந்தது அந்த நடுப்பகுதியின் முதல் வரிசையில். முன்பக்கம் நிரம்பி, ஒரே ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அந்த ஒருவருக்காக நான்கு பேர் எழ வேண்டும். ஏனென்றால் ஒரே வரிசையில் இரண்டு இனமும் உட்காரக் கூடாது. இந்த நாலுக்கு ஒன்று கணக்கு பார்வையாளருக்குப் புரிந்தால் பாதிக் காட்சி முடிந்த மாதிரி.

மூன்றாவது, போராட்டக்காரர்கள் முதல் நாளே இனப் பிரிவினையை ஒழிக்கக் கேட்டதாக எழுதுவது. இல்லை. முதல் கோரிக்கைகள் அடக்கமானவை: டிரைவர்கள் மரியாதையாகப் பேச வேண்டும், கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வருகிற வரிசையில் உட்கார வேண்டும், உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது, கறுப்பினத்தவர் அதிகம் போகும் வழித்தடங்களில் கறுப்பின டிரைவர்களும் வேண்டும். இவ்வளவு சின்னக் கோரிக்கைக்கே நகர நிர்வாகம் இறங்கி வரவில்லை. கோரிக்கை எப்படி வளர்ந்தது என்பதுதான் நாடகத்தின் ஏறுமுகம். முதல் காட்சியிலேயே உச்சத்தில் ஏறி நின்றுவிட்டால் அப்புறம் ஏற இடம் இருக்காது.

படங்களைத் திரையில் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம். பார்க்ஸிடம் போலீஸ்காரர் கைரேகை எடுக்கும் பிரபலமான படம் டிசம்பர் 1 அன்று எடுத்ததே இல்லை. 1956 பிப்ரவரியில், புறக்கணிப்பை நடத்தியவர்களைக் கூட்டமாகக் கைது செய்தபோது எடுத்தது. அவர் பஸ் ஜன்னலோரம் இருக்க, பின்னால் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கும் படம் 1956 டிசம்பர் 21-ல், வெற்றிக்குப் பிறகு, பத்திரிகைகளுக்காக எடுத்தது. பின்னால் இருப்பவர் ஒரு நிருபர். இந்த இரண்டையும் முதல் காட்சிக்குப் பின்னணியாகப் போடும் நாடகங்கள் ஏராளம். செய்திப் படங்களுக்கு உரிமையாளர்களும் உண்டு. தேதியை மட்டும் வெள்ளை எழுத்தில் திரையில் காட்டுவது எளிது, சுத்தம்.

கிங்கின் உரைகளை அப்படியே மொழிபெயர்த்து வசனமாக்காதீர்கள். அவற்றின் பதிப்புரிமை அவருடைய வாரிசுகளின் அமைப்பிடம் இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கும் அனுமதி வேண்டும். செல்மா பேரணியைப் பற்றி 2014-ல் வந்த ஹாலிவுட் படத்தில்கூட உரைகளைப் புதிதாக எழுதித்தான் சேர்த்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பாத்திரங்களும் முகமும்

வயதை முதலில் சரி செய்யுங்கள். டிசம்பர் 1955-ல் கிங்குக்கு 26, சக போதகர் அபர்னதிக்கு 29, கிங்கின் மனைவி கொரெட்டாவுக்கு 28, வழக்கறிஞர் ஃபிரெட் கிரேக்கு 24. பேராசிரியை ஜோ ஆன் ராபின்சனுக்கு 43. ரயில் தூங்கும் பெட்டி ஊழியர் சங்கத்தின் ஈ.டி. நிக்சனுக்கு 56. கிங்காக நாற்பத்தைந்து வயதுக்காரரைப் போட்டால் நாடகம் அங்கேயே படுத்துவிடும்: ஊருக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத இளைஞன் தலையில் இவ்வளவு பெரிய பொறுப்பு விழுந்ததுதான் கதை. குரல் சுமாராக இருந்தாலும் தயங்கத் தெரிந்த பையனைத் தேடுங்கள்.

தமிழ் நடிகர்கள் முகத்தில் கறுப்பு மை பூசவே கூடாது. பழைய அமெரிக்க மேடைகளில் கறுப்பினத்தவரைக் கேலி செய்யப் பூசிய மை அது. அதே மக்களின் போராட்டத்தைச் சொல்லும் மேடையில் அதற்கு இடமே இல்லை. வெள்ளையராக நடிப்பவர்களுக்கு மாவு பூசவும் வேண்டாம், மஞ்சள் விக்கும் வேண்டாம். யார் எந்தப் பக்கம் என்பதை மூன்று விஷயத்தால் காட்டலாம்: எந்த வாசலில் ஏறுகிறார், எங்கே உட்காருகிறார், அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். வெள்ளையராக வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வெளிர் நிறத் தொப்பி கொடுத்தால், ஒரே நடிகர் தொப்பியை மாட்டியும் கழற்றியும் இரண்டு பக்கமும் நடிக்க முடியும். முதல் காட்சியின் முதல் நிமிடத்தில் பார்வையாளர் கண்ணெதிரே தொப்பியை மாட்டச் சொல்லுங்கள், விளக்கமே தேவைப்படாது.

டிரைவர் ஜேம்ஸ் பிளேக், மேயர் கேல், நீதிமன்றத்தில் நகரத் தரப்பு வழக்கறிஞர் மூவரையும் ஒருவரே செய்யலாம். கிங்காக நடிப்பவருக்கும் ஓர் இரண்டாம் வேடம் கொடுங்கள்: முதல் காட்சியில் மூன்றாம் வரிசையில் ஒரு சாதாரணப் பயணி. அடுத்த காட்சிகளில் அவர் எழுந்து வருவதற்கு அது ஓர் அடித்தளம்.

நீ, நீங்க

இந்த நாடகத்தைத் தமிழில் போடுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அன்றைய தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் மிசஸ் போட்டுக் கூப்பிட மாட்டார்கள். வயது எழுபதானாலும் வெறும் பெயர்தான். ஆங்கிலத்தில் இதைக் காட்ட மெனக்கெட வேண்டும். தமிழில் ஒரு ‘நீ’ போதும். பிளேக் பார்க்ஸிடம் ‘எந்திரிக்கிறியா இல்லையா?’ என்று கேட்கிறார். அவர் ‘எந்திரிக்க மாட்டேங்க’ என்கிறார். அந்த ‘ங்க’ அடங்கிப் போவதாக ஒலிக்கக் கூடாது. தன் மரியாதையைத் தான் விடவில்லை என்று ஒலிக்க வேண்டும். இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு மாலை ஒத்திகை செய்யலாம்.

தங்களுக்குள் பேசும்போது அவர்கள் கவனமாக மரியாதை வைத்துப் பேசியவர்கள். ‘மிசஸ் பார்க்ஸ்’, ‘பிரதர் நிக்சன்’, ‘பாஸ்டர் கிங்’ என்றே வையுங்கள். அக்கா, அண்ணே என்று தமிழாக்கினால் வெளியே மறுக்கப்பட்ட மரியாதையைத் தங்களுக்குள் அவர்கள் காப்பாற்றி வைத்திருந்தது தெரியாமல் போகும். கறுப்பினத்தவர் பேச்சுக்குத் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு சாதி வழக்கையோ சேரி வழக்கையோ ஒட்டவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ராபின்சன் ஆங்கிலப் பேராசிரியை. கிங் அந்த வருடம்தான் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். நிக்சன் அதிகம் படிக்காதவர். அவர் வாக்கியங்கள் குட்டையாகவும் நேராகவும் இருக்கட்டும், அது போதும். வசைச் சொல்லை மேடையில் கத்த வேண்டிய அவசியம் எங்கும் வரவில்லை. ‘நீ’ போதுமான அளவு சுடும்.

பஸ்ஸைக் கட்டுவது

36 இருக்கை தேவையில்லை. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு, ஆக 12 நாற்காலி. முதல் வரிசை வெள்ளையர், இரண்டாவது பார்க்ஸ் இருக்கும் வரிசை, மூன்றாவது பின்பகுதி.

கை இல்லாத 18 அங்குல அகல நாற்காலிகளை எடுங்கள். இரண்டிரண்டாகப் போட்டு நடுவில் 24 அங்குல நடைவழி விட்டால் மொத்த அகலம் 8 அடி. வரிசைக்கு வரிசை 32 அங்குலம். பஸ் பார்வையாளரை நோக்கி நிற்கட்டும், கால்வாசிக்கும் குறைவாக ஒரு பக்கம் திருப்பி. முதல் வரிசை தரையில், இரண்டாவது 6 அங்குல மேடைப் பலகையில், மூன்றாவது 12 அங்குலப் பலகையில். இல்லையென்றால் பின்னால் இருப்பவர்களின் நெற்றி மட்டும்தான் தெரியும். பலகை இரண்டுமே 8 அடிக்கு 32 அங்குலம்; 18 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் சட்டம், இரண்டடிக்கு ஒரு கால். கால் குறைந்தால் பலகை துள்ளும். அமைதியான காட்சியில் அந்தக் கிரீச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். மேலே பழைய கார்ப்பெட்டை ஒட்டி, நாற்காலியின் பின்கால்களுக்குப் பின்னால் ஒரு அங்குல ரீப்பர் அடித்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் யாராவது ஒருவர் நாற்காலியோடு மல்லாந்து விழுவார்.

டிரைவரின் ஸ்டூல் எல்லோருக்கும் முன்னால். அவர் எழுந்து பின்னால் திரும்பும்போது அவர் முதுகு நம் பக்கம், பார்க்ஸின் முகம் நம் பக்கம். மிரட்டுகிறவர் முகத்தைக் காட்டாமல் மறுக்கிறவர் முகத்தைக் காட்டுவதற்காகத்தான் பஸ்ஸை இப்படி நிறுத்துகிறோம். பக்கவாட்டில் நிறுத்தினால் இது கிடைக்காது.

பன்னிரண்டு இருக்கையும் நிரம்பியிருக்க வேண்டும், அதனால் மேடை உதவியாளர்களுக்கும் கோட் மாட்டி உட்கார வையுங்கள். ஆரம்பத்தில் ஒருவரை முன் வாசலில் பத்து சென்ட் போட வைத்து, இறக்கி, பின் வாசலுக்கு நடக்க விட்டு, அவர் போய்ச் சேருமுன் பஸ்ஸைக் கிளப்புங்கள். மாண்ட்கோமரியில் அடிக்கடி நடந்த அட்டூழியம் இது. பார்க்ஸையே 1943-ல் இதே பிளேக் முன் வாசலில் ஏறியதற்காக இறக்கிவிட்டிருக்கிறார்.

பஸ் ஓடுவதைக் காட்ட சத்தம் தேவையில்லை. கிளம்பும்போது பதினைந்து உடம்பும் பின்னால் சாய வேண்டும், பிரேக் போட்டால் முன்னால். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் ஆடினால் சிரிப்பு வரும். ஒத்திகையில் ஒருவர் மேஜையைத் தட்டட்டும், அந்தத் தட்டுக்குச் சேர்ந்து சாயப் பழகுங்கள்.

அந்த எழுபது வினாடி

பார்க்ஸ் நடைவழிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஜன்னல் பக்கம் ஓர் ஆண், நடைவழிக்கு அந்தப் புறம் இரண்டு பெண்கள். பிளேக் முதல் தடவை சொன்னதும் ஒருவரும் அசையவில்லை. இரண்டாவது தடவை சொன்னதும் மற்ற மூவரும் எழுந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் வெளியே போகப் பார்க்ஸ் காலை ஒதுக்கி வழிவிட்டார். வழிவிட்டுவிட்டு எழுந்து பின்னால் போகாமல், அவர் இருந்த ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

நாடகத்தின் மிகப் பெரிய அசைவு இதுதான், ஒன்றரை அடி தூரம். காலைத் திருப்புவது, அந்த ஆள் போவது, கைப்பையைத் தூக்குவது, நகர்வது, கைப்பையை மடியில் வைப்பது: ஐந்து அசைவு, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பார்வை ஜன்னல் பக்கம். வெளியேறும் ஆள் பார்க்ஸின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவர் கோழை, இவர் வீரர் என்று ஆகிவிடும். எழுந்தவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

பிளேக் போலீஸைக் கூப்பிட இறங்கிப் போனதும் மேடையில் யாரும் பேச வேண்டாம். 40 வினாடி முழு அமைதி. முதல் ஒத்திகையில் பத்தாவது வினாடியிலேயே யாராவது இருமுவார்கள், யாராவது ‘ஐயோ’ என்று வசனம் சேர்ப்பார்கள். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழக்குங்கள். நகர்வுக்கு 30 வினாடி, அமைதிக்கு 40, மொத்தம் 70.

ஒளிக்கு: டிசம்பர் மாத மாலை, அந்த ஊரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளியே இருட்டு, உள்ளே மங்கலான மஞ்சள். மேலே இரண்டு பார் லைட் 40 சதவீதத்தில், ஒரு பக்கம் எம்பயர் தியேட்டர் விளக்காக ஒரு சிவப்பு. பஸ் அந்தத் தியேட்டர் நிறுத்தத்தில்தான் நின்றது.

சைக்ளோஸ்டைல் இரவு

பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவி ஜோ ஆன் ராபின்சன் அன்றிரவே அலபாமா மாநிலக் கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் இருவரின் உதவியோடு சைக்ளோஸ்டைல் என்ற பிரதி எடுக்கும் இயந்திரத்தில் விடியும்வரை பல்லாயிரம் துண்டறிக்கை ஓட்டினார். ஒரு தாளில் மூன்று அறிக்கை, பிறகு மூன்றாக வெட்டல். அரசுக் கல்லூரி இயந்திரம். தெரிந்தால் வேலை போகும். புறக்கணிப்பு நடக்குமா என்று ஆண்கள் கூடிப் பேசுவதற்கு முன்பே அறிக்கை ஊருக்குள் போய்விட்டது. இந்தக் காட்சியை வெட்டவே கூடாது.

சைக்ளோஸ்டைல் மெஷினை மரப்பெட்டி, பத்து அங்குல பிவிசி குழாய் ஒரு துண்டு, ஒரு கைப்பிடி வைத்து அரை நாளில் செய்துவிடலாம். சத்தத்தை நடிகர்களே தரட்டும்: ஒருவர் தாளை உரசுகிறார், இன்னொருவர் பெட்டியைத் தட்டுகிறார், மூன்றாமவர் வெட்டுகிறார். தாளம் பிடித்ததும் வசனம் அதன்மேல் ஓடும். உண்மையான தாள் 500 வேண்டும். ஐம்பது தாளை அடுக்கி வைத்துப் பாவனை செய்தால் எடை தெரியாது. காட்சி முடியும்போது அந்தத் தாள்களைப் பார்வையாளர் வரிசைகளுக்குள் கைமாற்றி அனுப்புங்கள். மேலிருந்து தூவாதீர்கள். கை மாறிப் போனதுதான் நடந்தது.

டிசம்பர் 5

காலையில் கிங் வீட்டு ஜன்னல் வழியே காலி பஸ் போவதை முதலில் பார்த்துக் கூப்பிட்டவர் கொரெட்டா. அதை அவருடைய காட்சியாகவே வையுங்கள். நடுவில் பார்க்ஸுக்கு நீதிமன்றத்தில் 10 டாலர் அபராதம், 4 டாலர் செலவு என்ற தீர்ப்பு. ஒரு வரியில் சொல்லிப் போய்விடலாம். பிற்பகல் கூட்டத்தில் விஷயத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கிய போதகர்களை நிக்சன் கடிந்துகொள்கிறார். அன்றே மாண்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் உருவாகி, கிங் தலைவராகிறார். இரவுப் பேச்சைத் தயார் செய்ய அவருக்குக் கிடைத்தது இருபது நிமிடம்.

இரவு ஹோல்ட் தெருத் தேவாலயக் கூட்டத்தை உள்ளே வைக்காமல் தெருவில் வையுங்கள். உண்மையிலேயே ஆயிரக்கணக்கானோர் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்று ஒலிபெருக்கியில்தான் கேட்டார்கள். மேடையில் எட்டுப் பேர், குளிருக்குக் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள். கிங்கின் குரல் விங்கிலிருந்து பாதி தெளிவாக, பாதி இரைச்சலாக வருகிறது. நீங்கள் எழுதிய நான்கைந்து வாக்கியம் போதும். பேச்சு கேட்கிறவர்களை என்ன செய்கிறது என்பதைப் பார்வையாளர் பார்க்கிறார்கள். பதிப்புரிமைச் சிக்கலும் இல்லை, குரல் மிமிக்ரியும் இல்லை. தீர்மானத்தை அபர்னதி வாசித்து, ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கும்படி கேட்கும் கட்டத்தில் தெருவோரத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் கைத்தடியை ஊன்றி எழட்டும்.

பாட்டு வேண்டும். அந்த இரவில் பாடியது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவப் பாடல்கள், உரிமைச் சிக்கல் இல்லாத மெட்டுகள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு: கை தானாக முதல் தட்டில் விழும். கறுப்பினத் தேவாலயப் பாட்டில் கைதட்டு இரண்டாவதிலும் நான்காவதிலும். கால் ஒன்றுக்கும் மூன்றுக்கும், கை இரண்டுக்கும் நான்குக்கும் என்று நடந்துகொண்டே பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும். தட்டு மாறி விழுந்தால் பஜனை போல ஆகிவிடும்.

கார்கள், சமையலறை

381 நாள் நடந்தே போனார்கள் என்று மட்டும் சொன்னால் வேலையின் பாதி மறைந்துவிடும். சுமார் 300 கார் ஓடிய ஏற்பாடு அது. முதலில் டாக்சிகள் பஸ் கட்டணமான பத்து சென்டுக்கே ஏற்றின; குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்று நகரம் பிடித்துக்கொண்டதும் சொந்தக் கார்கள் இறங்கின. 1953-ல் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜில் இதே மாதிரி ஒரு புறக்கணிப்பு நடத்திய போதகர் ஜெமிசனிடம் கிங் தொலைபேசியில் யோசனை கேட்டார். தேவாலயங்களின் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள். காப்பீட்டை ரத்து செய்து வண்டியை நிறுத்தப் பார்த்தபோது லண்டன் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு பிடித்தார்கள்.

மேடையில் ஒரு ஊர் வரைபடம், ஒரு தொலைபேசி, பன்னிரண்டு நாற்காலி. நாற்காலிகளை நான்கு காராக அடுக்கி, ஆள் மாறி மாறி ஏறி இறங்கட்டும். ஒரு மூலையில் ஜார்ஜியா கில்மோரின் சமையலறை. அவரும் கூட்டாளிப் பெண்களும் கேக், பை, பொரித்த கோழி செய்து விற்று, கூட்டத்தில் பணத்தைக் கொடுப்பார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்பார்கள். செய்தவர்கள், வாங்கியவர்கள் பெயர் வெளியே வந்தால் பலருக்கு வேலை போகும். கில்மோருக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிறகு வேலை போகவே செய்தது. மாவு பிசைவதை மேடையில் நிஜமாகவே பிசையுங்கள், அரைக் கிலோ போதும். பேசிக்கொண்டே வேலை செய்யும் கைகள் இந்தக் காட்சிக்கு வசனத்தைவிட முக்கியம்.

குண்டு

1956 ஜனவரி 27 இரவு மிரட்டல் தொலைபேசி வந்தபின் கிங் தூக்கம் வராமல் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விட்டுவிடலாமா என்று யோசித்த இரவு. இங்கே நீளமான தனிமொழி எழுதாதீர்கள். கோப்பை, மேஜை, ஒரு விளக்கு, நான்கு வாக்கியம்.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 30, வீட்டில் குண்டு. உள்ளே கொரெட்டா, பத்து வாரக் கைக்குழந்தை யோலாண்டா, துணைக்கு வந்த ஒரு பெண். முதலில் திண்ணையில் ‘பொத்’ என்று ஒரு சத்தம். இரண்டு பெண்களும் பின்னறைப் பக்கம் நகர்கிறார்கள். நான்கு வினாடி. பிறகு வெடி. யாருக்கும் காயமில்லை. பதற்றம் அந்த நான்கு வினாடியில் இருக்கிறது. நேராக வெடிக்கு ஓடாதீர்கள். அரங்குக்குள் பட்டாசு வெடிக்கவே கூடாது: திரைச்சீலை, புகை, இருட்டில் ஓடும் கூட்டம். தாழ்ந்த ஒலி ஒன்றை சப்வூஃபரில் இரண்டு வினாடி, அதே நொடியில் பிளாக்அவுட், அதன்மேல் கண்ணாடி உடையும் பதிவு. ஒலியும் ஒளியும் இரண்டு பேர் கையில் இருந்தால் ஒருபோதும் சேராது. ஒருவரே இரண்டு பொத்தானையும் அமுக்கட்டும். வெடிச் சத்தம் உண்டு என்று வாசலில் அறிவிப்பு வையுங்கள்.

ஆயுதத்தோடு திரண்ட கூட்டத்தைக் கிங் திண்ணையில் நின்று அமைதிப்படுத்தி அனுப்பினார். அதைக் காட்டுங்கள், கூடவே, அப்போது அவர் வீட்டிலேயே துப்பாக்கி இருந்ததையும், அவர் கேட்ட உரிமம் மறுக்கப்பட்டதையும் காட்டுங்கள். பிப்ரவரியில் அகிம்சைப் போராட்ட அமைப்பாளர் பேயார்ட் ரஸ்டின் வந்தபோது, கூட வந்த நிருபர் நாற்காலியில் கிடந்த கைத்துப்பாக்கிமேல் உட்காரப் போனார். ரஸ்டின் தடுத்தார். அகிம்சை கிங்குக்குள் பிறக்கும்போதே இருந்ததாகக் காட்டாமல், இந்த நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். காந்தி படத்தைப் பின்னால் மாட்டிக் காட்சியைச் சுருக்கிவிடவும் வேண்டாம். அந்தத் துப்பாக்கி மரத்தில் செய்ததாக இருக்கட்டும், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், ஒருவர் மட்டும் அதற்குப் பொறுப்பாளி.

நீதிமன்றம்

பஸ் பிரிவினையைச் சட்டப்படி உடைத்த வழக்கில் ரோசா பார்க்ஸ் வாதி இல்லை. ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கொல்வின் ஆகிய நால்வரின் வழக்கு அது. கொல்வின் 1955 மார்ச் 2-ல், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, இடத்தை விட்டுத்தர மறுத்துக் கைதானவர். அப்போது வயது 15. 1956 மே 11 விசாரணையில் உங்கள் தலைவர் யார் என்று நகரத் தரப்பு துருவியபோது, நாங்களேதான் என்ற பொருளில் பதில் சொன்னார். இந்தப் பதிலைச் சத்தமாகச் சொல்லவைத்து இசை போட்டுவிடாதீர்கள். கேட்ட கேள்வியே புரியாத மாதிரி, சாதாரணமாகச் சொல்லட்டும். உடனே அடுத்த கேள்வி.

ஜூன் 5-ல் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு, நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் உறுதி, டிசம்பர் 20-ல் உத்தரவு ஊர் வந்து சேர்கிறது. தேதிகள் திரையில் ஓடட்டும்.

ஒத்திகை எட்டு வாரம்

முதல் வாரம் வாசிப்பு மட்டும். இரண்டாவதிலேயே நாற்காலிகளும் பலகைகளும் வந்துவிட வேண்டும். தரையில் சாக்பீஸ் கோடு போட்டுப் பழகினால் பலகை ஏறும்போது எல்லாம் மறந்துபோகும். மூன்று முதல் ஐந்து காட்சி காட்சியாக, ஆறில் பாட்டும் சைக்ளோஸ்டைல் தாளமும் சேர்த்து, ஏழில் முழு ஓட்டம், எட்டில் ஒளி ஒலி உடையோடு. கோட்டும் தொப்பியும் கைப்பையும் மூன்றாம் வாரமே கையில் வேண்டும். கல்யாண ரிசப்ஷன் கோட் பளபளக்கும், அது வேண்டாம். கனத்த, மங்கிய துணி, அகலக் கால் பேன்ட். பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழ் வரும் கவுன், தேவாலயக் காட்சிக்குத் தொப்பி, கையுறை.

கடைசிக் காட்சியில் 1956 டிசம்பர் 21 விடியற்காலை, அதே பன்னிரண்டு நாற்காலி. எல்லோரும் முன் வாசலில் ஏறுகிறார்கள், காசு போடுகிறார்கள், காலியான இடத்தில் உட்காருகிறார்கள். யாரும் கைகுலுக்க வேண்டாம், கொடி வேண்டாம். அந்த வாரமே பஸ்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது; ரோசா ஜோர்டன் என்ற கர்ப்பிணிக்கு இரண்டு காலிலும் குண்டு. ஜனவரியில் தேவாலயங்களில் வெடி. இதை இரண்டு வரியாகத் திரையில் போட்டு, பஸ் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க, பதினைந்து உடம்பும் சேர்ந்து லேசாகச் சாய்ந்து நிமிர, ஐந்து எண்ணி விளக்கை அணையுங்கள். வணக்கம் சொல்ல வரும்போது கிங்காக நடித்தவரை நடுவில் நிறுத்த வேண்டாம். அவரவர் நாற்காலிக்கு முன்னால், அவரவர் வரிசையில் எழுந்து நின்றால் போதும்.